மதகில் இறங்கிய பின்சில்லும் வானம் தெரியும் இடங்களும்

போன சனிக்கிழமை பின்னேரம் 4.40க்கு என் பிக்கப்பின் இடது பின்சில்லு உடைந்த மதகொன்றின் ஓரத்தால் கீழே இறங்கியது. இரவு 7.25க்கு உழவு இயந்திரம் வந்தது. 9 மணிக்கு வீட்டில் சோறு சாப்பிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே காட்டில் இப்படி நின்றபோது வீடு வந்து சேர 17 மணித்தியாலம் சென்றது. இடைப்பட்ட காலத்தில் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவியொன்றைத் தெரிவு செய்யப் பட்ட பாட்டையும், பிழையாகச் செய்தவற்றையும், செலவையும் எழுதிவைக்கிறேன். என்னைப் போலத் தனியே காட்டுப்பாதையில் ஓடுகிறவர்கள் வன்னியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் வேலை கைப்பம்பியும் சூரிய மின்பம்பியும் திருத்துவது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டுப் பக்கமாகக் காட்டோரத் தோட்டங்கள்தான் பெரும்பாலும். வாகனம் பழைய ஹைலக்ஸ் டீசல் பிக்கப், நாலு சில்லும் இழுக்கும். உதவிக்கு ஆள் கூட்டிப்போனால் அன்றைய கூலியில் பாதி அவருக்குப் போய்விடும் என்பதால் தனியேதான் போவேன்.

முதல் தடவை அது கார்த்திகை மாதம், நல்ல மாரி. பின்னேரம் ஐந்தரைக்குச் சேற்றில் அச்சு வரை புதைந்தேன். போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. யானைகள் தண்ணீருக்கு வரும் வழி அது. இரவு முழுக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தேன். விடிய ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி 9 கிலோமீற்றர் தாண்டித்தான் ஒரு கடையைக் கண்டேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் மனைவியும் மச்சானும் அயலாரும் ரோச் லைற்றோடு இரவு இரண்டு மணி வரை தேடித் திரிந்திருக்கிறார்கள், அதுவும் நான் நின்ற இடத்துக்கு நேரெதிர்த் திசையில். யானை வெளிக்கிடும் இரவில் என்னைத் தேடி அவர்கள் நடந்ததை நினைக்க இப்போதும் நெஞ்சு பதறும்.

முதலில் சிம்மைத்தான் மாற்றிப் பார்த்தேன். இரண்டு வலையமைப்புகளின் சிம்மைப் போட்டு, வழக்கமாக ஓடும் பாதைகள் 46 கிலோமீற்றரையும் ஒவ்வொரு கிலோமீற்றராக நிறுத்தி அப்பியாசக் கொப்பியில் குறித்தேன். 17 கிலோமீற்றரில் இரண்டுமே இல்லை. அந்தப் பதினேழும்தான் பாதை கெட்ட இடங்கள். இந்தக் கணக்கெடுப்புக்கு ஒன்றரை நாளும் 9 லீற்றர் டீசலும் போனது. அது வீணல்ல. பிரச்சினை எத்தனை கிலோமீற்றர், எங்கே என்று கையில் இருந்தபடியால் பிறகு எந்தக் கடைக்காரரின் பேச்சுக்கும் நான் ஆடவில்லை.

அடுத்தது கனடாவிலிருந்து வந்த தம்பியின் ஐபோன் 14. அதில் செய்மதி வழியாக அவசர உதவி கேட்கலாம் என்று அவன் நம்பிக்கையோடு சொன்னான். குளக்கட்டில் ஏறி நின்று பார்த்தோம், வேலை செய்யவில்லை. அந்த வசதி குறிப்பிட்ட சில நாடுகளுக்கு மட்டுமே திறந்துவிடப்பட்டது, அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. வெளிநாட்டு உறவினர் பழைய போனைத் தருகிறார் என்று இதற்காகவே காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பொட் என்ற செய்மதிச் செய்திக் கருவி மலிவு என்பதால் அதிலும் ஒரு கண் இருந்தது. அது குளோபல்ஸ்ரார் என்ற செய்மதி வலையமைப்பில் ஓடுவது. அந்தச் செய்மதி கண்ணாடி மாதிரி, வாங்கியதை அப்படியே தரைக்குத் திருப்பும். அதனால் உங்கள் கருவியும் ஒரு தரை நிலையமும் ஒரே நேரத்தில் அதன் பார்வையில் இருக்க வேண்டும். வரைபடத்தில் எங்கள் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. விட்டுவிட்டேன்.

அதிகம் யோசித்தது, செய்மதிக்கு ஆபத்துச் சமிக்ஞை மட்டும் அனுப்பும் 406 மெகாஹேர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியைப் பற்றி. மாதச் சந்தா கிடையாது. ஒருமுறை அதன் அன்ரெனாவை இழுத்துவிட்டால் குறைந்தது 24 மணித்தியாலம் கத்தும். 1982 முதல் உயிர்களைக் காப்பாற்றி வரும் கொஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேசச் செய்மதி மீட்பு முறை அது. எங்கள் பகுதிச் சமிக்ஞைகளைப் பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம் வாங்கி உரிய நாட்டுக்கு அறிவிக்கும். கடலுக்குப் போகிறவர் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். என் கதை வேறு. சேற்றில் புதைந்ததற்கு அதை இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. அது உயிர் ஆபத்துக்கு மட்டும். ஒருவழிதான் என்பதால் "எனக்கு ஒன்றுமில்லை, தேடி வராதேயுங்கோ" என்று வீட்டுக்குச் சொல்லவும் வழியில்லை. அந்த இரவில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

இதை உணர்ந்த பிறகு தெரிவு சுருங்கியது. பத்தில் ஒன்பது தடவை என்னை மீட்கப் போகிறவர் எங்கள் ஒழுங்கையில் உழவு இயந்திரம் வைத்திருக்கும் அண்ணை. ஆக அவருடைய சாதாரண போனுக்குப் போய் அவருடைய பதிலையும் கொண்டுவரும் கருவி வேண்டும். பத்தாவது தடவைக்கு, உயிர் ஆபத்தில் அழுத்தும் எஸ்ஓஎஸ் பொத்தான்.

செய்மதித் தொலைபேசியும் அதைச் செய்யும், பேசவும் முடியும். ஆனால் கருவிக்கும் நிமிடங்களுக்கும் என் வருமானம் காணாது. அவற்றில் சில, வானில் ஒரே இடத்தில் நிற்கும் செய்மதியை நம்பியவை. அந்தத் திசையில் ஒரு பாலை மரம் மறைத்தால் மறைத்ததுதான். இரிடியம் என்ற வலையமைப்பின் செய்மதிகள் 66ம் ஏறத்தாழ 780 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று மறைந்தால் காத்திருக்க இன்னொன்று வரும். காட்டுக்கு அதுதான் தோது. கடைசியில் இரிடியத்தில் ஓடும் கார்மின் இன்ரீச் மினி 2 என்று முடிவெடுத்தேன். எடை 100 கிராம்.

வாங்குவதற்கு முன் செய்த ஒரு வேலையை யாரும் தவிர்க்க வேண்டாம். செய்மதிக்குப் பேசும் கருவியைப் பொதிக்குள் போட்டுக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லும் நாடல்ல இது, அதுவும் வன்னி. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குக் கருவியின் பெயர், மாதிரி எண், அலைவரிசை, எதற்கு வேண்டும் என்பதெல்லாம் எழுதிக் கேட்டேன். பதில் கைக்கு வந்த பிறகுதான் தம்பியை வாங்கச் சொன்னேன். அந்தக் கடிதத்தின் பிரதி பிளாஸ்ரிக் உறையில் டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: தமிழ்நாட்டுக்குப் போகும்போது இதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் அனுமதியின்றிச் செய்மதித் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். அதற்காக விமான நிலையத்தில் கைதான பயணிகள் இருக்கிறார்கள்.

நான் வாங்கியபோது செலவு: கருவி 400 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 120,000. இணைப்பைத் திறக்க 40 டொலர், மாதச் சந்தா 15 டொலர். என் தொழிலில் இது சின்னக் காசல்ல. சீட்டுக் காசு ஒன்றை எடுத்துத்தான் கட்டினேன்.

கருவி வந்த அன்றே பிழை விட்டேன். அழகாக ஒரு பிடி வாங்கி, 1,850 ரூபா, டாஷ்போர்டில் பூட்டினேன். மேலே வாகனத்தின் தகரக் கூரை, அதற்கு மேலே மரங்களின் இலைக்கூரை. முதல் சோதனைச் செய்தி போக 34 நிமிடம். இரண்டாவது 50 நிமிடமாகியும் போகவில்லை. பழுதான கருவி என்றே நினைத்தேன். தம்பியோ "அண்ணா, எங்களுக்கு ஒரு நிமிசத்தில போகுது" என்கிறான்.

அவன் சொன்னதும் உண்மை, நான் கண்டதும் உண்மை. இந்தச் செய்மதிகள் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடுபவை. வடக்கே போகப் போக அவற்றின் பாதைகள் ஒன்றையொன்று நெருங்கும், நடுக்கோட்டை அண்டிய எங்கள் பக்கம் அகன்று இருக்கும். அதனால் கனடா வானத்தில் எந்நேரமும் தெரிகிற அளவு இங்கே தெரியாது. ஒன்று தலைக்கு மேலால் கடந்து மறைய ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்திலும் இலைகளுக்கு ஊடாகத் தெரிய வேண்டும். வெளிநாட்டுக்காரரின் அனுபவத்தை இங்கே அப்படியே நம்ப முடியாது என்று அன்று விளங்கியது.

பிறகு ஒழுங்காக அளந்தேன். ஒரே பாலைக்காட்டுப் பாதை, இடத்துக்கு மூன்று செய்தி, கைக்கடிகாரம். பொனெற்றின் மேல் வைத்தபோது சராசரி 19 நிமிடம். பின்பெட்டிச் சட்டத்தின் உச்சியில் 11. குளக்கட்டில் நின்று கையில் பிடித்தால் மூன்று தடவையும் இரண்டு நிமிடத்துக்குள். மழை விட்ட கையோடு, இலையெல்லாம் நீர் சொட்டச் சொட்ட, அதே 11 நிமிட இடத்தில் 26 நிமிடம் எடுத்தது. எனக்கு உதவி தேவைப்படுவது பெரும்பாலும் மாரியில்தான் என்பதால் இந்தக் கடைசி அளவை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

டாஷ்போர்டைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. கருவி தாங்கும் வெப்பம் 60 பாகை வரைதான். பங்குனி வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் டாஷ்போர்ட் அதைத் தாண்டிவிடும். இப்போது அது என் உடம்பில்தான் இருக்கிறது, வேலைச் சாமான் பையின் தோள்பட்டியில், மேலே பார்த்தபடி, ஒரு கொக்கியும் ஒரு நைலோன் கயிறும் போட்டு. வாகனம் தண்ணீரில் சரிந்தாலோ, எனக்கும் வாகனத்துக்கும் நடுவில் யானை நின்றாலோ, டாஷ்போர்டில் இருக்கும் கருவியால் எனக்கு என்ன பயன்? அந்த 1,850 ரூபாப் பிடியில் இப்போது போன் இருக்கிறது.

ஆனால் வானத்துக்கு என்ன செய்வது? வெளிநாட்டு அறிவுரைகள் எல்லாம் "திறந்த வெளிக்கு நடந்து போ" என்கின்றன. எங்கள் காட்டில் அப்படி நடக்க முடியாது. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் ஒதுங்கலாம், பலகை இல்லாத இடமெல்லாம் சுத்தமான இடம் என்று யாரும் எழுதித் தரவில்லை. சில்லுத் தடத்தை விட்டு இறங்குவதில்லை என்பது என் வேலையில் மாற்ற முடியாத கட்டுப்பாடு.

வழி சொன்னவர் ஒரு பட்டிக்கார ஐயா. அவருடைய கைப்பம்பிக்கு வாசர் மாற்றிக்கொண்டிருக்கும்போது என் கஷ்டத்தைச் சொன்னேன். "தம்பி, மாடு படுக்கிற இடத்தில எப்பவும் மேல வெளிச்சமாத்தான் இருக்கும். மாடு மிதிச்ச மண்ணில நீயும் மிதிக்கலாம்" என்றார். அடுத்த ஒரு மாதம், வேலைக்குப் போகும்போதெல்லாம், பாதையிலேயே நின்று அண்ணாந்து பார்த்து வானம் தெரியும் இடங்களைக் குறித்தேன். பட்டி அடைக்கும் இடங்கள், குளக்கட்டுகள், துருசடி, பழைய மரம் விழுந்து திறந்த இடம், பாதை வளையும் முடக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி அனுப்பி, ஐந்து நிமிடத்துக்குள் போனால் மட்டும் கொப்பியில் ஏற்றினேன். அந்த 17 கிலோமீற்றரில் 14 இடம் கிடைத்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆகக் கூடிய தூரம் 2.3 கிலோமீற்றர். எங்கே நின்றாலும், தடத்திலேயே நடந்து, அரை மணித்தியாலத்துக்குள் வானத்தைப் பிடிக்கலாம். கருவியை விட இந்தக் கொப்பிதான் எனக்குப் பெறுமதி.

கொப்பியின் ஒவ்வொரு இடத்துக்கும் நாங்கள் கூப்பிடும் பெயரும், பக்கத்தில் அகலக்கோடு நெடுங்கோடு எண்களும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் போதும், அகலக்கோட்டில் 0.001 என்பது ஏறக்குறைய 111 மீற்றர். இதன் ஒரு பிரதி மனைவியிடம், ஒன்று உழவு இயந்திர அண்ணையிடம். அண்ணைக்கு எண் வேண்டாம், "பட்டியடி" என்றால் போதும்.

செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்கூட்டியே எழுதிவைக்கும் மூன்று செய்திகளைச் சந்தாவுக்குள் எத்தனை தடவையும் அனுப்பலாம். என் மூன்று இவை: வந்து சேர்ந்துவிட்டேன். வாகனம் நின்றுவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை, உழவு இயந்திரம் அனுப்பவும். இரவு இங்கேயே தங்குகிறேன், விடிய வருவேன், ஒருவரும் தேடி வர வேண்டாம். மூன்றாவதை எழுதியபோது மனைவி பக்கத்தில் இருந்து வாசித்தா. "இது வந்தா நான் நித்திரை கொள்ளுவன்" என்றா.

கருவியின் பொத்தான்களில் தமிழ் தட்ட வழியில்லை. குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்தென்றால் 160க்குப் பதில் 70 எழுத்துத்தான் கொள்ளும். ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். முதல் பரீட்சையில் மனைவியின் போனுக்கு வந்தது, மச்சானின் போனுக்கு வரவேயில்லை. அவர் வேறு சிம். வெளிநாட்டு எண்ணிலிருந்து வரும் செய்தியில் இப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தேன். வாங்கிய அன்றே இதைப் பரீட்சிக்காமல் காட்டுக்குள் போயிருந்தால் பாதிக் காசு வீண்.

எஸ்ஓஎஸ் பொத்தானைப் பரீட்சிக்கக் கூடாது, அது அமெரிக்காவில் 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து அவர்கள் நாம் கொடுத்த அவசர எண்களையும் உள்ளூர் அதிகாரிகளையும் அழைப்பார்கள், ஆங்கிலத்தில். ஆகவே முதல் அவசர எண்ணாக, ஆங்கிலம் பேசக்கூடிய, இரவிலும் போன் எடுக்கிற மருமகளைப் போட்டேன். அவள் கையில் ஒரு தாள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117, யானைப் பிரச்சினைக்கு வனசீவராசிகள் 1992, கிராம சேவையாளரின் எண், எந்தப் பாதையால் வாகனம் உள்ளே வரலாம் என்ற கோட்டுப்படம்.

இனிச் சனிக்கிழமை. மதகின் ஓரம் மழையில் அரித்திருந்தது, மேலே புல் மூடியபடியால் தெரியவில்லை. சில்லு இறங்கி, சட்டம் கொங்கிறீற்றில் குந்திவிட்டது. ஜக்கை வைத்தேன், சேற்றுக்குள் போனது. அடியில் கல் வைத்தேன், கல்லும் போனது. அரை மணித்தியாலம் மினக்கெட்டது பிழை. இறங்கிய உடனே செய்தியை அனுப்பிவிட்டுத்தான் ஜக்கைத் தொட்டிருக்க வேண்டும். பட்டியடிக்கு 300 மீற்றர் பின்னால் நடந்து, 5.10க்கு இரண்டாம் செய்தியை அழுத்தினேன். 5.14க்குப் போனது. கருவியை வெளியே பிடித்தபடியே நின்றேன், பையில் போட்டால் பதில் வராது. 5.31க்கு அண்ணையின் பதில்: "எவடம்?"

இடத்தைக் காட்டும் இணைப்பு செய்தியோடு போயிருந்தது, ஆனால் அவருடைய போனில் டேற்றா முடிந்திருந்தபடியால் திறக்கவில்லை. போனைப் புளூடூத்தில் இணைத்து "பட்டியடிக்கு அங்கால 300 மீற்றர், உடைஞ்ச மதகு, நீளச் சங்கிலி கொண்டு வாங்கோ" என்று தட்டினேன். அதே செய்தியைக் கருவியின் பக்கப் பொத்தான்களால் தட்டியிருந்தால் இருட்டியிருக்கும். 5.50க்குப் புறப்பட்டார். நான் தடத்தால் திரும்பி வாகனத்துக்குள் ஏறினேன். ஆறரைக்குப் பிறகு வலப்பக்கம் கிளை முறியும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. விளக்கைப் போட்டுவிட்டு அசையாமல் இருந்தேன். இந்தத் தடவை பயம் வேறு மாதிரி. ஆள் வருகிறார், எங்கே என்று அவருக்குத் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

அண்ணை 8,000 ரூபா வாங்கினார், டீசலோடு. சங்கிலியைப் போட்டு இழுக்கக் கால் மணித்தியாலம். பின்பக்க பிறேக் குழாய் நெளிந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை.

இன்னொருமுறை வாங்குவதென்றால் மினி 2 வாங்க மாட்டேன். அதன் சின்னத் திரையில் பாதை பார்க்கும் வசதியை இரண்டு தடவைக்கு மேல் நான் தொடவில்லை. அதே வலையமைப்பில் ஓடும் இன்ரீச் மெசஞ்சர் 114 கிராம், வெளிவந்தபோது 300 டொலர், பற்றரியும் கூட நிற்கும். காட்டுக்குள் பாதைப்பதிவு போட்டபடி திரிந்தால் என் மினியில் நாளொன்றுக்கு 30 வீதம் இறங்குகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் பண்ண வேண்டியிருக்கிறது. மிச்சம் பிடித்த 100 டொலரில் நல்ல இழுவைக் கயிறு வாங்கியிருக்கலாம்.

அண்ணையின் போனுக்கு டேற்றா போடுவதை இனி என் மாதச் செலவில் சேர்க்கிறேன். அத்தோடு எண்களையும் இடப்பெயரையும் முதல் செய்தியிலேயே தட்டுவேன். ஜக்குக்கு அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டு அங்குலத் தடிப்பில் முதிரைப் பலகை ஒன்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், நாளை தருவார். மதகைப் பற்றிக் கமக்காரர் அமைப்புக்கு அறிவித்தாயிற்று. அது கட்டப்படும் வரை ஓரத்தில் தெரிய இரண்டு வெள்ளைக் கம்பு நட்டிருக்கிறேன்.